சொட்டுக்குக் கணக்குப் பார்த்த அத்தை

குளியலறைக் குழாய் ஒழுகுவது பகலில் யாருக்கும் கேட்காது. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் தெரு அடங்கி, பக்கத்து வீட்டு டிவியும் அணைந்த பிறகுதான் அது பேச ஆரம்பிக்கும். எங்கள் வீட்டில் மூன்று மாதம் பேசியது. நானும் வீட்டுக்காரரும் போர்வையை இழுத்து மூடித் தூங்கப் பழகிவிட்டோம். அத்தைக்கு முடியவில்லை. நடு ராத்திரியில் எழுந்து போய்க் குழாய்க்குக் கீழே பித்தளைச் சொம்பை வைத்துவிட்டு வருவார். காலையில் அந்தத் தண்ணீர் வாசல் தெளிக்கப் போகும்.

கோவில்பட்டிப் பக்கம் வாக்கப்பட்டு வந்தவர்களுக்குச் சீக்கிரமே ஒரு பாடம் தெரிந்துவிடும். இங்கே தண்ணீர் ஒன்றில்லை, இரண்டு. நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. நல்ல தண்ணி சீவலப்பேரியிலிருந்து குழாயில் ஏறி வரும் தாமிரபரணி. முறை வைத்துத்தான் வரும். வந்த அன்றைக்கு ட்ரம், அண்டா, குடம் என்று நிரப்பி, சில சமயம் டிபன் கேரியர் வரைக்கும் நிரப்பி வைப்போம். உப்புத் தண்ணி போரில் வருவது. குளிக்க, துவைக்க, கழுவ அதுதான். சோப்பு லேசில் நுரைக்காது, வாளியில் வெள்ளையாகப் படியும். இருந்தாலும் அதுவும் மோட்டார் போட்டு ஏற்றும் தண்ணீர்தானே, சும்மா வருவதா?

அத்தை இள வயதில் வீட்டிலிருந்தே தீப்பெட்டி ஒட்டியவர். கூலியெல்லாம் குரோஸ் கணக்கு. ஒரு குரோஸ் என்றால் 144. நான் தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறேன். ஆக, வீட்டில் இரண்டு கணக்குப்பிள்ளைகள். ஒருநாள் காலையில் அத்தை சொன்னார்: "தாயி, கடிகாரத்த வெச்சுப் பாத்தேன். நிமிசத்துக்கு அறுவது சொட்டு விழுது. ஒரு நாளைக்கு எத்தன குரோஸ் வரும்னு போட்டுப் பாரு."

போட்டுப் பார்த்தேன். 86,400 சொட்டு. சரியாக 600 குரோஸ். இருபது சொட்டு சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு மில்லி. அப்படியென்றால் ஒரு நாளைக்கு நாலு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே, பத்து நாளைக்கு 43 லிட்டர். நம் பிளாஸ்டிக் குடம் பதினைந்து லிட்டர் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால் மூணு குடத்துக்குச் சற்றுக் குறைவு. அத்தை அதிகம் பேசவில்லை. "மூணு கொடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அந்த மௌனம்தான் என்னை ஸ்பேனர் பிடிக்க வைத்தது.

அதற்கு முன்னாலேயே பிளம்பரைக் கூப்பிடாமல் இல்லை. "இந்தா வந்துட்டேங்க்கா" என்றார், மூன்று வாரம் ஆயிற்று. அவர் மேல் தப்புச் சொல்ல மாட்டேன். புது வீட்டு வேலை என்றால் ஒரே இடத்தில் பத்து நாள் கூலி. எங்கள் வீட்டில் ஒரு வாஷர் மாற்ற வருவதென்றால் அவர் வண்டிக்கு ஊற்றும் பெட்ரோலுக்குக்கூடக் கட்டாது. சின்ன வேலைகளுக்கு ஆள் கிடைக்காததே ஒருவகையில் நல்லது என்று இப்போது தோன்றுகிறது. சின்ன வேலைகள் எல்லாம் நம் கைக்கு அடங்குபவைதான்.

ஹார்டுவேர் கடைக்குப் போய் நின்றேன். கடைக்காரர் முதலில் என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். "சார் வரலியாம்மா?" சார் ஷிஃப்டுக்குப் போயிருக்கிறார் என்றேன். "என்ன குழாய்?" என்றார். "பாத்ரூம் குழாய்" என்றேன். சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார், பாவம்.

முதல் தடவை போகிறவர்கள் நான் பட்ட வெட்கத்தைப் படாமல் இருக்கச் சொல்கிறேன். பழைய உறுப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். போட்டோ போதாது. கம்பெனிக்குக் கம்பெனி ஸ்பிண்டில் உயரமும் பல்லின் எண்ணிக்கையும் மாறும். பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், உள்ளே உட்காராது. அதோடு, குழாய் எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். நாலைந்து சுற்றுத் திருகி மூடுவது பழைய வகை, உள்ளே ரப்பர் வாஷர் இருக்கும். கால் சுற்றிலேயே திறந்து மூடுவது புது வகை, கடையில் குவார்ட்டர் டர்ன் என்பார்கள். அதற்குள் இரண்டு செராமிக் தட்டுகள் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கி ஓட்டையை அடைக்கும். பழையதில் வாஷரை மட்டும் மாற்றினால் போதும், சில்லறைக் காசு. புதியதில் ஸ்பிண்டிலோடு மொத்தமாக மாற்ற வேண்டும். எங்களுடையது பழையது.

மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் லைனில் ஒரு கேட் வால்வு இருக்கும். முதலில் அதை மூடுங்கள். பல வருசமாகத் தொடாத வால்வு உப்புப் பிடித்து இறுகியிருக்கும். முரட்டுத்தனமாகத் திருகினால் தண்டு ஒடிந்து கையோடு வந்துவிடும், அப்புறம் பிளம்பரைத் தேடி நாம்தான் ஓட வேண்டும். கொஞ்சம் இப்படி, கொஞ்சம் அப்படி என்று ஆட்டி ஆட்டி இளக்க வேண்டும். மூடியதும் குழாயைத் திறந்து லைனில் மிச்சமிருக்கும் தண்ணீரை வடிய விடுங்கள். வடிகால் ஓட்டை மேல் ஒரு துணியைப் போடுங்கள். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. கைப்பிடியின் சின்ன ஸ்க்ரூ கையிலிருந்து நழுவிக் குதித்து, நேராக ஓட்டைக்குள் போய்விட்டது. அடுத்த ஒரு மணி நேரம் அதை எடுக்கத்தான் செலவானது. பக்கத்தில் ஒரு காந்தம் கட்டிய குச்சியோடு அத்தை நின்றார்.

கைப்பிடியைக் கழற்றினால் ஒரு அறுகோண நட் தெரியும். அதற்கு ஸ்பேனர் வைத்து இடப்பக்கம் திருப்ப வேண்டும். பளபளப்புப் போகாமல் இருக்கப் பழைய வேட்டித் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். ஸ்பிண்டில் வெளியே வந்ததும் அதன் அடியில் வாஷர் இருக்கும். எங்கள் வாஷர் கருவாட்டுத் துண்டு மாதிரி காய்ந்து, நடுவில் வட்டமாகக் குழி விழுந்து கிடந்தது. மாற்றினேன். மூடினேன். வால்வைத் திறந்தேன். சொட்டு நின்றுவிட்டது. மொத்தம் இருபது நிமிட வேலை, ஸ்க்ரூ தேடிய நேரம் சேராமல்.

மறுநாள் காலையில் அத்தை சொம்பைப் பார்த்தார். காய்ந்து கிடந்தது. உடனே குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று சோதித்தார்.

தைரியம் வந்ததும் அடுத்த வாரமே வாஷ்பேசின் குழாயை முழுக்க மாற்றக் கிளம்பினேன். டெஃப்ளான் டேப் பாடம் அங்கேதான். புரிக்கு மேல் வெள்ளை டேப் சுற்ற வேண்டும் என்று தெரியும், எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்று தெரியாது. நான் சுற்றியது எதிர்ப்பக்கம். குழாயை உள்ளே திருகத் திருக, டேப் சுருண்டு பூணூல் மாதிரி வெளியே வந்தது. புரியின் வாய் நம் முகத்தைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு கடிகார முள் ஓடும் பக்கமாக இழுத்துச் சுற்ற வேண்டும். அப்போதுதான் திருகும்போது டேப்பும் கூடவே இறுகும். நம் கடைகளில் கிடைக்கும் மெல்லிய டேப்புக்குப் பத்துப் பன்னிரண்டு சுற்றாவது வேண்டும்.

இன்னொன்று. குழாய் நேராக நிற்கும் இடத்தைத் தாண்டிப் போய்விட்டால், லேசாகப் பின்னால் திருப்பி நேராக்கலாம் என்று கை பரபரக்கும். செய்யாதீர்கள், அந்த இடத்திலேயே ஒழுகும். முழுக்கக் கழற்றி, பழைய டேப்பை நகத்தால் சுரண்டி எடுத்து, மறுபடி ஆரம்பத்திலிருந்து சுற்றுங்கள். இறுக்குவதிலும் கை அளவு வேண்டும். சுவருக்குள் இருப்பது சிபிவிசி பைப் என்றால், அதன் வாயில் பித்தளைப் புரி வைத்த எல்போ இருக்கும். பயில்வான் மாதிரி இறுக்கினால் அந்த எல்போ சுவருக்குள்ளேயே விரிசல் விடும். வெளியே சொட்டும் குழாய் கண்ணுக்குத் தெரியும், காதுக்கும் கேட்கும். சுவருக்குள் சொட்டுவது சுண்ணாம்பு பூத்து உதிரும்போதுதான் தெரியும்.

உப்பைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊர்க் குளியலறையைப் பற்றிப் பேச முடியாது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், ஐஎஸ் 10500, லிட்டருக்கு 500 மில்லிகிராம் கரைந்த உப்பு வரை ஏற்கலாம் என்கிறது. வேறு வழியே இல்லாவிட்டால் 2000 வரை. எங்கள் போர்த் தண்ணீரை நான் கொடுத்துச் சோதித்ததில்லை. சோதிக்கத் தேவையும் இல்லை, ஷவரைப் பார்த்தாலே தெரியும். புதிதாக மாட்டியபோது ஐம்பது ஓட்டையிலும் பூ மாதிரி விழுந்த தண்ணீர், ஆறு மாதத்தில் ஏழெட்டு ஓட்டையில் மட்டும், அதுவும் ஒன்று கண்ணாடியைப் பார்த்தும் ஒன்று கதவைப் பார்த்தும் பீய்ச்சும். குழாய் வாயில் இருக்கும் நுரை வலையும் அப்படித்தான் அடைந்து போகும். குழாயில் வேகம் குறைந்துவிட்டது, புதுசு மாற்று என்று யாராவது சொன்னால், முதலில் அந்த வலையைத் திருகி எடுத்துப் பாருங்கள். பாதிக் குழாய்கள் அங்கேயே பிழைத்துவிடும்.

படிந்திருப்பது பெரும்பாலும் சுண்ணாம்பு. புளிப்புக்குக் கரையும். நம் வீடுகளில் பித்தளை விளக்கப் புளி வைப்பதும் ஏறக்குறைய இந்தச் சங்கதிதான். பலசரக்குக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் சிட்ரிக் ஆசிட் தருவார்கள். ஒரு மக்கு வெந்நீரில் இரண்டு கரண்டி கரைத்து, ஷவரைக் கழற்றி அதில் ஒரு மணி நேரம் போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். கழற்ற முடியாத குழாய்க்கு அதே தண்ணீரைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, குழாய் வாய் முங்கும்படி ரப்பர் பேண்டால் கட்டித் தொங்கவிடலாம். ராத்திரி முழுக்க விட வேண்டாம், குழாய்ப் பூச்சு மங்கிவிடும்.

ஆனால் நம் ஆட்களுக்குக் கடை ஆசிட் பாட்டில் மேல்தான் நம்பிக்கை. ஊற்றினால் புகைய வேண்டும், சத்தம் வர வேண்டும். அந்த ஆசிட் சுண்ணாம்பை மட்டுமா தின்னும்? டைல்ஸுக்கு நடுவே இருக்கும் சிமென்ட்டும் சுண்ணாம்பு வகையறாதான். மாதம் ஒருமுறை ஆசிட் ஊற்றிக் கழுவும் வீடுகளில் டைல்ஸ் இடுக்கு பல் விழுந்த ஈறு மாதிரி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இடுக்கு வழியாகத்தான் தண்ணீர் கீழே இறங்கும். இறங்கினால் என்ன ஆகும் என்பதற்குப் பிறகு வருகிறேன். ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரை மட்டும் ஒருநாளும் சேர்த்துவிடாதீர்கள். கிளம்பும் குளோரின் வாயு அந்தச் சின்ன அறையில் ஆளையே சாய்த்துவிடும்.

பிளஷ் டேங்க்கில் ஒழுகல் இருந்தால் காதுக்கும் கேட்காது. அதைக் கண்டுபிடிக்கச் சொட்டு நீலம் போதும். டேங்க் மூடியைத் திறந்து பத்துச் சொட்டு விட்டு, அரை மணி நேரம் யாரும் உபயோகிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோப்பையில் நீலம் இறங்கியிருந்தால் அடி வாஷர் சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். எங்கள் வீட்டில் நீலம் இறங்கியது. வாஷரை எடுத்துப் பார்த்தால் கிழியவில்லை, விளிம்பில் உப்பு மட்டும் கட்டியிருந்தது. தேய்த்துக் கழுவித் திருப்பிப் போட்டேன், நின்றுவிட்டது. செலவு பத்துச் சொட்டு நீலம்.

பழைய பெரிய டேங்க் வைத்திருப்பவர்கள் ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீரும் கொஞ்சம் சரளைக் கல்லும் நிரப்பி, மிதவையில் இடிக்காதபடி உள்ளே நிறுத்தலாம். ஒவ்வொரு தடவையும் ஒரு லிட்டர் மிச்சம். ஐந்து பேர் இருக்கும் வீட்டில் நாளுக்கு ஒரு குடம் தேறும். செங்கல் போடாதீர்கள், ஊறிக் கரைந்து வாஷருக்கு அடியில் மண்ணாகப் போய் உட்காரும். இப்போது எல்லாக் கடையிலும் தொங்கும் இரட்டைப் பொத்தான் பிளஷ்ஷும் தண்ணீருக்குத் திண்டாடும் நாட்டிலிருந்துதான் வந்தது. 1980 வாக்கில் ஆஸ்திரேலியாவின் காரோமா கம்பெனியில் புரூஸ் தாம்சன் என்பவர் செய்தது. வறண்ட பூமிக்காரனுக்குத்தான் பாதி தண்ணீர் போதும் என்ற யோசனை வரும்.

நாற்றத்துக்கும் ஒரு வார்த்தை. சித்திரை, வைகாசியில் பத்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் குளியலறையில் சாக்கடை வாடை அடிக்கும், கரப்பான் ஓடும். எதுவும் உடைந்திருக்காது. தரை ஓட்டைக்குக் கீழே வளைவில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும்படிதான் அமைத்திருப்பார்கள். 1775ல் அலெக்சாண்டர் கம்மிங் என்ற கடிகாரக்காரர் காப்புரிமை வாங்கிய வளைவின் அதே தத்துவம். அந்தத் தண்ணீர்தான் வாடைக்கு மூடி. நம் ஊர் வெயிலில் அது வற்றிவிடும். ஊருக்குக் கிளம்பும்போது ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, அதன் மேல் இரண்டு கரண்டி பழைய எண்ணெயை விட்டுவிட்டுப் போனால் எண்ணெய்ப் படலம் ஆவியாகாமல் காக்கும்.

இனி மண்ணுக்கு வருகிறேன். நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

எங்கள் குளியலறை வீட்டின் வடமேற்கு மூலையில் இருக்கிறது. ஜன்னல் மூலையிலிருந்து தரையைப் பார்த்துச் சாய்வாக ஒரு வெடிப்பு. மூன்று தடவை பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்தோம். மூன்று தடவையும் அடுத்த கோடையில் திரும்பி வந்தது. கதவும் ஆனி மாதம் ஆனால் தரையில் உரசும், மார்கழியில் தாராளமாகத் திறக்கும். வீட்டுக்காரர் கதவின் அடியைச் சீவினார். அடுத்த மழைக்காலத்தில் கதவுக்குக் கீழே விரல் நுழையும் இடைவெளி.

கரிசல் காட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோடையில் காட்டில் விழும் வெடிப்பில் கம்பை விட்டால் அது முழுக்க உள்ளே போகும். ஐப்பசி மழை இறங்கியதும் அதே நிலம் உப்பி, வெடிப்பெல்லாம் மூடி, செருப்பைப் பிடித்து இழுக்கும். இந்த மண்ணில் இருக்கும் களித்தாது தாள் தாளாக அடுக்கியது. தாளுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால் அடுக்கு விரியும், காய்ந்தால் சுருங்கும். பருத்திக்கு ஈரத்தைப் பிடித்து வைத்துக் கொடுப்பதும் இந்தக் குணம்தான், நம் வீட்டுச் சுவரைப் பிளப்பதும் இந்தக் குணம்தான். பழைய கொத்தனார்கள் கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டு, கீழே சுக்கான் தட்டும்வரை போய்த்தான் வாணம் போடுவார்கள். ஆழமான கரிசலுக்கு ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அடியில் குமிழ் வைத்த தூண் அஸ்திவாரத்தை உருவாக்கிக் கொடுத்தது. ஈரமும் காய்ச்சலும் எட்டாத ஆழத்தில் அந்தக் குமிழைக் கொண்டுபோய் உட்கார வைப்பதுதான் அதன் சூட்சுமம்.

வீடு கட்டி முடித்தவர்கள் அஸ்திவாரத்தை இனி மாற்ற முடியாது. ஆனால் மண் முழுக்க ஒரே சீராக நனைந்து ஒரே சீராகக் காய்ந்தால் வீடு மொத்தமாக ஏறி இறங்கும், பெரிதாக ஒன்றும் ஆகாது. ஒரு மூலை மட்டும் வருசம் பூரா ஈரமாக இருந்து, மற்ற மூன்று மூலை காய்ந்தால்தான் வம்பு. அந்த ஒரு மூலை எது? எப்போதும் குளியலறை மூலைதான்.

வெளியே போய்ப் பார்த்தேன். குளிக்கிற தண்ணீர் வெளியேறும் பைப் சுவரிலிருந்து ஒரு சாண் நீட்டிக்கொண்டு நின்றது. அதன் வாயில் வாழை. எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் இப்படித்தான், குளிக்கிற தண்ணீர் வீணாகக் கூடாதென்று சுவரை ஒட்டி வாழை வைப்போம். வாழை மேல் குறையில்லை, குலை நன்றாகத்தான் தள்ளியது. ஆனால் அத்தனை வாளித் தண்ணீரும் தினமும் நேராக அஸ்திவாரத்துக்கே போய்க்கொண்டிருந்தது. போதாததற்கு உள்ளே ஆசிட் தின்ற டைல்ஸ் இடுக்கு வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று இஞ்ச் பிவிசி பைப் இரண்டு நீளம், ஒரு கப்ளர், ஒரு எல்போ, சின்ன டப்பா சொல்யூஷன் வாங்கினேன். ஹாக்ஸா பிளேடால் அறுத்து, பிசிறைச் சுரண்டி, பைப்பின் வெளியிலும் கப்ளரின் உள்ளேயும் சொல்யூஷன் தடவி, உள்ளே தள்ளிக் கால் சுற்றுத் திருப்பி, அரை நிமிடம் கையை எடுக்காமல் பிடித்திருந்தேன். கையை உடனே எடுத்தால் பைப் தானாகப் பின்னால் நழுவும், கவனித்துப் பாருங்கள். நாலடிக்கு ஒரு இஞ்ச் சரிவு வைத்தேன். மட்டம் பார்க்கச் சாப்பாட்டுத் தட்டில் தண்ணீர் ஊற்றிக் காட்டினார் அத்தை, நான் டியூப் மட்டம் வாங்கி வைத்திருந்தும் தட்டுத்தான் முதலில் சரியாகச் சொன்னது. இப்போது தண்ணீர் தோட்டத்தின் அந்தக் கோடிக்குப் போகிறது. வாழைக் கன்றைப் பெயர்த்து அங்கேயே வைத்துவிட்டோம். மழைத் தண்ணீர் சுவரோரம் தேங்காமல் இருக்க, சுவரை ஒட்டி வெளிப்பக்கம் மூன்றடி அகலத்துக்குச் சாய்வாகத் தளம் போட வேண்டும். அது கொத்தனார் வேலை, தை மாதத்துக்கு வைத்திருக்கிறோம்.

உள்ளே டைல்ஸ் இடுக்கை நானே அடைத்தேன். உடைந்த ஹாக்ஸா பிளேடில் துணி சுற்றிப் பழைய கலவையைச் சுரண்டி, இரண்டு நாள் அந்தக் குளியலறையைப் பூட்டிக் காய வைத்து, அப்புறம்தான் புதுக் கிரவுட். ஈரத்தில் அடைத்தால் ஒரு மாதத்தில் உதிர்ந்துவிடும். பூட்டி வைத்த அந்த இரண்டு நாள் எல்லோரும் பின்வாசல் கல்லில்தான் குளித்தோம், அத்தை தன் பழைய அங்கணக் காலக் கதைகளைச் சொல்லிக்கொண்டே. தரைக்கு எபாக்ஸி கிரவுட் போட்டேன். விலை கூட, ஆனால் ஆசிட் தின்னாது. தரையும் சுவரும் சேரும் மூலையில் மட்டும் சிமென்ட் வகை எதையும் போடவில்லை, சிலிகான் சீலன்ட்டை ஓட்டினேன். தரை ஒரு பக்கம் அசையும், சுவர் ஒரு பக்கம் அசையும், நடுவில் விறைப்பான சிமென்ட் இருந்தால் அது எப்படி நிற்கும்? ரப்பர் மாதிரி இழுபடுகிற பொருள்தான் அந்த இடத்துக்கு ஆகும். இரண்டு ஓரத்திலும் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் தொட்ட விரலால் ஒரே இழுப்பாக இழுத்தால் கைதேர்ந்தவர் செய்தது போல வரும். முதல் இரண்டடி என் கை நடுக்கம் அப்படியே தெரிகிறது. கதவைத் திறந்து வைத்தால் அது மறைந்துவிடும்.

மேம்படுத்தும் வேலை என்று நான் செய்ததில் உருப்படியானது ஒன்றுதான், அத்தைக்குக் கைப்பிடி. ஈரத் தரையில் அவர் குழாயைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார். குழாய் அதற்குச் செய்ததல்ல, துண்டு போடும் கம்பியும் அப்படியே. இதற்கென்று ஸ்டீல் கைப்பிடி விற்கிறது. தரையிலிருந்து 33 முதல் 36 இஞ்ச் உயரம் என்று புத்தகம் சொல்லும். நான் அத்தையை நாற்காலியில் உட்கார்ந்து எழச் சொல்லி, கை தானாகப் போன இடத்தில் அடையாளம் போட்டேன், 31 இஞ்ச். குழாய்க்கு நேர் மேலேயும் பக்கவாட்டிலும் ட்ரில் வைக்காதீர்கள், பைப் அந்த வழியாகத்தான் ஓடும். டைல் மேல் ஒட்டும் டேப்பைப் பெருக்கல் குறியாக ஒட்டிக்கொண்டால் ட்ரில் வழுக்காது. டைல் துளைபடும்வரை ஹேமர் பொத்தானை அணைத்தே வைத்திருங்கள், செங்கல் தட்டிய பிறகு போட்டுக்கொள்ளலாம். ஆங்கர் போல்ட் செங்கலுக்குள் போய்ப் பிடிக்க வேண்டும், டைல் மேல் மட்டும் நின்றால் அது அலங்காரம். மாட்டியதும் முதலில் நான் தொங்கிப் பார்த்தேன். அத்தையை விட நான் இருபது கிலோ கூட.

உருப்படாதது மழை ஷவர். தட்டு மாதிரி அகலமானது, ஆன்லைனில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கினேன். தொட்டி ஷவருக்குப் பத்தடி உயரத்தில் இருந்தால் கிடைக்கும் அழுத்தம் 0.3 பார்தான். பெட்டியில் பொடி எழுத்தில் அதைவிடக் கூட வேண்டும் என்று போட்டிருந்தது. நான் படிக்கவில்லை. மழை வரவில்லை, தூறல் மட்டும். இந்த ஊருக்குப் பொருத்தமான ஷவர்தான் என்று வீட்டுக்காரர் இன்னும் கேலி செய்கிறார்.

ஹீட்டர் வயரிங்கை நான் தொடவில்லை, தொடவும் மாட்டேன். எர்த் சரியாக இருக்கிறதா, கசிவு வந்தால் கரண்டை வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று மட்டும் எலெக்ட்ரீஷியனை வரவழைத்துப் பார்த்துக்கொண்டேன். சுவருக்குள் ஒழுகும் பைப், செப்டிக் டேங்க், இவையும் ஆள் வைத்துச் செய்ய வேண்டியவை. செப்டிக் டேங்க்குக்குள் எட்டிப் பார்க்கக்கூட வேண்டாம், ஒருவரையும் இறக்கவும் வேண்டாம். வண்டியைக் கூப்பிடுங்கள்.

சுவர் வெடிப்பை இந்தத் தடவை பூசவில்லை. பைப்பைத் தள்ளி விட்டதால் அது நிற்கிறதா, வளர்கிறதா என்று முதலில் தெரிய வேண்டும். அதற்கு ஒரு பென்சில் போதும். வெடிப்பின் இரண்டு நுனியிலும் சின்னக் குறுக்குக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி வைத்தேன். நடுவில், வெடிப்புக்கு இந்தப் பக்கம் ஒரு புள்ளி, அந்தப் பக்கம் ஒரு புள்ளி. மாதம் ஒருமுறை ஸ்கேல் வைத்து அளக்கிறேன். சித்திரையில் 42 மில்லிமீட்டர், ஆனியில் 43. ஐப்பசி மழைக்குப் பிறகு என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் கொத்தனாரிடம் பேசப் போகிறேன்.

நேற்று அளக்கப் போனபோது என் கோட்டுக்குப் பக்கத்தில் அடுப்புக்கரியால் இன்னொரு கோடு இருந்தது. "ஆடி 18" என்று எழுதி, கீழே நாலு விரல் அகலத்துக்கு நாலு கோடு இழுத்திருந்தார் அத்தை. என்னவென்று கேட்டேன்.

"ஒன் ஸ்கேல் தேஞ்சுபோயிருந்தா என்ன பண்ணுவ தாயி?" என்றார்.